படச் சந்தாவும் பரிந்துரைக் கூலியும்



நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "மொபைலில் படம் பார்க்கும் சந்தா ஒன்று இருக்கிறது. அதில் நாலு பேரைச் சேர்த்துவிட்டால் ஆளுக்கு இவ்வளவு கமிஷன் தருகிறார்கள். வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம். இது ஹலாலா?" என்று கேட்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் சகோதரிகள் கேட்கிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து வேலை தேடிக்கொண்டிருப்பவர்களும் கேட்கிறார்கள்.

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. 'ரெஃபரல் வருமானம்' என்ற ஒரே பெயரில் இன்று நேர்மையான தரகும் நடக்கிறது, சட்டம் தடுத்த பணச் சுழற்சியும் நடக்கிறது, பச்சையான மோசடியும் நடக்கிறது. மூன்றையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தரகுக் கூலி தவறா?

முதலில் ஒரு தயக்கத்தை நீக்கிவிடுவோம். உழைக்காமல், வாய்ப்பேச்சுக்கு வாங்கும் காசு என்பதால் தரகே கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல.

செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போனவர்களுக்குத் தரகரைத் தெரியும். விற்க வந்தவருக்கும் வாங்க வந்தவருக்கும் நடுவில் நின்று பேசி, விலையைப் படிய வைத்து, வியாபாரம் முடிந்த பிறகு தரகு வாங்கிக்கொள்கிறார். மாடு கைமாறாவிட்டால் அவருக்குக் காசு இல்லை. மாட்டின் பல்லையும் சுழியையும் பார்த்துச் சொல்லும் அறிவுக்கும், அவர் செலவழித்த நேரத்துக்கும் அது கூலி.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில் தரகர் கூலிக்கென்றே ஒரு தலைப்பு வைத்து, இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் ஆகியோர் அதில் குற்றம் காணவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்கள். மன்னரின் காணாமற்போன குவளையைக் கொண்டு வருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அறிவிக்கப்பட்ட செய்தி சூரா யூசுஃபின் 72ஆவது வசனத்தில் வருகிறது. ஒரு காரியத்தை முடித்துத் தருபவருக்கு இன்ன பரிசு என்று முன்கூட்டியே சொல்லும் 'ஜுஆலா' ஒப்பந்தத்துக்கு ஷாஃபிஈ அறிஞர்கள் இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். பிற்கால ஹனஃபி அறிஞர்களும் மக்களின் தேவையையும் வழக்கத்தையும் கருதித் தரகுக் கூலியை ஏற்றிருக்கிறார்கள்.

ஆகவே தரகு என்பது அடிப்படையில் ஆகுமானதே. ஆனால் அதற்கு எல்லைகள் உண்டு. விற்கும் பொருள் ஆகுமானதாக இருக்க வேண்டும். கூலி இவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். வேலை நடந்திருக்க வேண்டும். யாரையும் ஏமாற்றியிருக்கக் கூடாது. இந்த எல்லைகளை வைத்துத்தான் நம் மூன்று கேள்விகள் பிறக்கின்றன.

முதல் கேள்வி: எதைப் பரிந்துரைக்கிறோம்?

ஒரு காலத்தில் நம் ஊர்களில் வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடைகள் இருந்தன. ஒரு கேசட்டை ஒரு நாளைக்கு எடுத்து வருவார்கள். வாப்பாவுக்கு அது என்ன படம் என்று தெரியும். இன்று நடப்பது அதுவல்ல. சந்தா கட்டினால் முழுக் கடையும் கைக்குள் வந்துவிடுகிறது. ஆகவே ஒரு படச் சந்தாவைப் பரிந்துரைப்பவர் தாம் பார்த்து நல்லது என்று தேர்ந்த ஒரு படத்தைப் பரிந்துரைப்பதில்லை. அந்தக் கடையில் உள்ள அத்தனையையும் சேர்த்தே பரிந்துரைக்கிறார். அதில் வரலாற்று ஆவணப்படமும் இருக்கும். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாத ஆபாசமும் இருக்கும்.

பாவத்திலும் வரம்பு மீறலிலும் ஒருவருக்கொருவர் உதவாதீர்கள் என்று சூரா அல்மாயிதாவின் 2ஆவது வசனம் நம்மைத் தடுக்கிறது. அதனால்தான், ஆகாத பொருளுக்குத் தரகு பார்த்து வாங்கும் கூலியும் ஆகாது என்று உலமாக்கள் சொல்கிறார்கள். நம் பிள்ளை பார்க்கக் கூடாது என்று நம் வீட்டில் பூட்டி வைக்கும் ஒன்றை, 50 ரூபாய் கமிஷனுக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் திறந்துவிடலாமா? திரைப்படச் சந்தாவைப் பொறுத்தவரை நம் அறக்கட்டளை சொல்லும் ஆலோசனை, அதைவிட்டு விலகி நிற்பதே பேணுதல் என்பதாகும். அதே முறையில் பாடநூல், தையல் பொருள், கல்வி வகுப்பு போன்றவற்றைப் பரிந்துரைத்துக் கூலி வாங்குவதில் இந்தச் சிக்கல் இல்லை.

இதில் இன்னொரு வகையும் நடக்கிறது. ஒருவர் ஒரு ஓடிடி கணக்கை வாங்கி, அதன் கடவுச்சொல்லை ஐந்து பேருக்குத் துண்டு போட்டு விற்கிறார். ஆள் பிடித்துத் தருபவருக்குக் கமிஷன். ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்கு மட்டுமே என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2023 ஜூலையிலேயே இந்தியாவில் அறிவித்துவிட்டது. நிபந்தனையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதை மீறி விற்பது வாக்கு மீறல். திருட்டுத்தனமாகப் பதிவு செய்த படங்களை மாதக் கட்டணத்துக்குக் காட்டும் இணைப்புகள் இதைவிட மோசம். 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம், திருட்டுப் பிரதியை ஒளிபரப்புவதற்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அபராதம் படத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரையும் போகலாம். அடுத்தவர் பொருளைத் திருடி விற்பதற்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர், "நான் லிங்க்தானே அனுப்பினேன்" என்று கை கழுவ முடியாது.

இரண்டாவது கேள்வி: கமிஷன் யார் பையிலிருந்து வருகிறது?

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான்.

நெட்ஃபிளிக்ஸ் 1998இல் அமெரிக்காவில் தபால் வழியே டிவிடி வாடகைக்கு விடத் தொடங்கியது. மறு ஆண்டே மாதச் சந்தா முறைக்கு மாறியது. 2023 செப்டம்பரில்தான் கடைசி டிவிடியை அனுப்பியது. அந்தத் தபால் காலத்தில் பல இணையதளங்கள் அதன் விளம்பரத்தைத் தம் பக்கத்தில் வைத்திருந்தன. அதன் வழியாக ஒருவர் சந்தா சேர்ந்தால் அந்தத் தளத்துக்கு ஒரு தொகை கிடைத்தது. அமேசான் போன்ற நிறுவனங்கள் இன்றும் இப்படிக் கூட்டாளித் திட்டம் நடத்துகின்றன. இவற்றில் சேரக் கட்டணம் இல்லை. வாங்குபவர் பொருளுக்காகவே வாங்குகிறார். நிறுவனம் தன் விளம்பரச் செலவிலிருந்து ஒரு பங்கைத் தருகிறது. நாம் சேர்த்தவர் இன்னொருவரைச் சேர்த்தால் நமக்கு ஒன்றும் வராது. இது சந்தைத் தரகரின் கூலிதான்.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒன்றைப் பாருங்கள். 2010, 2011 ஆண்டுகளில் சிங்கப்பூரைச் சேர்ந்த 'ஸ்பீக் ஏசியா' என்ற நிறுவனம் இந்தியாவெங்கும் ஆள் சேர்த்தது. 11,000 ரூபாய் கட்டி ஒரு மின்னிதழுக்குச் சந்தாதாரர் ஆக வேண்டும். வாரம் இரண்டு கருத்துக்கணிப்புப் படிவங்களை நிரப்பினால், ஒன்றுக்கு 500 ரூபாய் வீதம் வாரம் 1,000 ரூபாய். ஆள் சேர்த்தால் தனியாகக் கமிஷன். 2011இல் காவல்துறை நடவடிக்கை வந்தது, பணம் நின்றது, லட்சக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள்.

படிக்கத் தெரிந்த எவரும் அன்றே போட்டிருக்கக்கூடிய கணக்கு இது. வாரம் 1,000 என்றால் ஆண்டுக்கு 52,000. ஒருவர் கட்டியது 11,000. மீதி 41,000 எங்கிருந்து வரும்? அந்த மின்னிதழை வெளியே காசு கொடுத்து வாங்குவோர் யார்? ஒருவருக்கு 52,000 கொடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ ஐந்து பேரின் சேர்க்கைக் கட்டணம் வேண்டும். அந்த ஐந்து பேருக்கும் கொடுக்க இருபத்தைந்து பேர் வேண்டும்.

அந்த ஐந்தைத் தொடர்ந்து பெருக்கிப் பாருங்கள். 1, 5, 25, 125, 625, 3,125, 15,625, 78,125, 3,90,625. எட்டாவது படி வரும்போது மொத்தம் 4,88,281 பேர் ஆகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சியின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ நாலே முக்கால் லட்சம்தான். பால் குடிக்கும் பிள்ளையைச் சேர்த்தாலும் ஒன்பதாவது படிக்கு ஊரில் ஆள் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 4,88,281 பேரில் 3,90,625 பேர் கடைசிப் படியில் நிற்கிறார்கள். அதாவது ஐந்தில் நான்கு பேருக்குக் கீழே யாரும் இல்லை. மேலே உள்ளவர் வாங்கிய கமிஷன் என்பது இந்த நான்கு பேர் இழந்த பணம். நடத்துபவர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பொறுத்ததல்ல இது. கணக்கே அப்படி.

நம் மாநிலத்திலும் இப்படி ஒன்று பெரிதாகப் பேசப்பட்டது. கோவையைச் சேர்ந்த 'மை வி3 ஆட்ஸ்' செயலியில் தினமும் விளம்பரப் படம் பார்த்தால் காசு, ஆள் சேர்த்தால் கூடுதல் காசு என்றார்கள். உறுப்பினர் கட்டணம் 360 ரூபாயில் தொடங்கி 1,21,260 ரூபாய் வரை பல படிகளாக இருந்ததாகச் செய்திகள் வந்தன. காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகத் திரண்டார்கள். வழக்கில் தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நமக்குப் பாடம், கூடிய அந்தக் கூட்டத்தில் இருக்கிறது. "எனக்குக் காசு ஒழுங்காக வருகிறதே" என்று ஒருவர் சாட்சி சொல்வதால் ஒரு திட்டம் நேர்மையானது என்று ஆகிவிடாது. இப்படிப்பட்ட எந்தத் திட்டத்திலும் முதலில் வந்தவருக்குக் காசு வரத்தான் செய்யும். அது வந்தால்தானே அடுத்தவர் சேருவார்?

சந்தாவே இல்லாத மோசடி

டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிற "படத்துக்கு மதிப்பெண் போடுங்கள், பகுதிநேர வேலை" என்ற அழைப்பு இன்னொரு வகை. இதில் விற்பனைப் பொருள் என்று ஒன்றுமே இல்லை. முதல் நாள் சில படங்களுக்கு நட்சத்திரம் போட்டால் 150, 200 ரூபாய் நிஜமாகவே கணக்கில் ஏறும். பிறகு ஒரு குழுவில் சேர்ப்பார்கள். "முன்பணம் கட்டும் வேலை, லாபம் அதிகம்" என்பார்கள். நாம் கட்டக் கட்ட, திரையில் நம் இருப்பு ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் வரி கட்டு, அபராதம் கட்டு என்பார்கள். திரையில் தெரியும் அந்த எண் வெறும் எழுத்து. இத்தகைய பகுதிநேர வேலை மோசடி நடத்திய நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. பெயரை மாற்றிக்கொண்டு அவை திரும்பவும் வருகின்றன.

பிள்ளைகளிடம் இதையும் சொல்லி வையுங்கள்: "உன் வங்கிக் கணக்கை எங்களுக்குக் கொடு, அதில் வரும் பணத்தை அனுப்பிவிட்டால் கமிஷன்" என்று கேட்டால், அது மோசடிப் பணத்தைக் கடத்தும் வழி. காவல்துறை முதலில் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான். 2,000 ரூபாய்க்கு ஆசைப்பட்ட மாணவனின் பாஸ்போர்ட்டும் வெளிநாட்டு வேலையும் அத்தோடு தடைப்படலாம்.

மூன்றாவது கேள்வி: யாரைச் சேர்க்கிறோம்?

சங்கிலித் திட்டங்கள் அந்நியரிடம் விளம்பரம் செய்வதைவிட உறவுக்குள்தான் பரவுகின்றன. காக்கா சொன்னார் என்று தம்பி சேருவார். மாமி சொன்னார் என்று மருமகள் வளையலை அடகு வைப்பார். பள்ளிவாசலில் பக்கத்து ஸஃப்பில் நிற்பவர் சொன்னால் கேள்வி கேட்காமல் நம்புவோம். நிறுவனத்துக்கு வேண்டியது இந்த நம்பிக்கைதான். அதைக் கட்ட நமக்கு முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். நாம் அதை 500 ரூபாய்க்கு விற்றுவிடுகிறோம். பணம் போன பிறகு அந்த நிறுவனம் எங்கோ இருக்கும். தம்பியின் முன்னால் நிற்பது காக்காதான். பணம் போனதோடு உறவும் அறுந்து, கல்யாண வீட்டில் முகம் பார்க்காத குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு.

நல்ல பரிந்துரை செய்பவருக்கு அதில் பங்கு உண்டு, தீய பரிந்துரை செய்பவருக்கு அதிலும் பங்கு உண்டு என்ற பொருளை சூரா அந்நிஸாவின் 85ஆவது வசனம் தருகிறது. கமிஷனில் மட்டும் எனக்குப் பங்கு, நஷ்டத்தில் இல்லை என்று சொல்ல வழியில்லை.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம், அத்தகைய திட்டத்தை நடத்துபவரை மட்டும் தடுக்கவில்லை. அதில் ஆள் சேர்ப்பதையும் பங்கெடுப்பதையும் தடுக்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை உண்டு. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடுத் திட்டங்களைத் தடை செய்திருக்கின்றன.

'ஹலால்' என்ற பெயர்ப்பலகையும் நம்மைக் காப்பாற்றாது. ஹலால் முதலீடு என்று சொல்லிப் பணம் திரட்டிய பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தபோது, பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பு அதோடு போனது. தாடியையும் தொப்பியையும் பார்த்துக் கொடுக்கப்பட்ட பணம் அது. ஆளைப் பார்க்காமல் கணக்கைப் பார்த்துக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. கடன் கொடுத்தால் எழுதி வையுங்கள் என்று கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது.

உலமாக்கள் என்ன சொல்கிறார்கள்?

சங்கிலித் தொடர் விற்பனை குறித்து சவூதியின் நிரந்தர ஃபத்வா குழு ஹிஜ்ரி 1425இல் விரிவான தீர்ப்பு அளித்தது. இவற்றில் பொருள் ஒரு திரை மட்டுமே, மக்கள் தேடுவது கமிஷனை, ஆகவே இது பணத்துக்குப் பணம் மாற்றுவதாகிறது, வரும் வராது என்ற நிச்சயமின்மையும் ஏமாற்றும் இதில் உண்டு என்பவை அதன் காரணங்கள். இந்தோனேசிய உலமா கவுன்சில் 2009இல் வேறொரு கோணத்தில் அணுகியது. உண்மையான பொருள் இருக்க வேண்டும், கமிஷன் நிஜமான விற்பனையைப் பொறுத்தே அமைய வேண்டும், ஆள் சேர்ப்பதே வருமானமாகக் கூடாது என்பன போன்ற கடுமையான நிபந்தனைகளோடு நேரடி விற்பனையை அனுமதித்தது. இரண்டு தீர்ப்புகளும் முரண்பட்டவை போலத் தோன்றலாம். ஆனால் ஆள் சேர்ப்பதற்கே காசு என்பதை இரண்டுமே ஏற்கவில்லை.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு

சேர்ந்துவிட்டோமே என்று யாரும் ஒளிந்துகொள்ள வேண்டாம். செய்ய வேண்டியவை:

1. இன்றே ஆள் சேர்ப்பதை நிறுத்துங்கள். "போட்டதை எடுத்த பிறகு விடலாம்" என்றால், இன்னொருவர் போட்டதை எடுக்கப் போகிறோம் என்று பொருள்.

2. நீங்கள் சேர்த்தவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர்கள் வழியாக உங்களுக்கு வந்த கமிஷனை இயன்ற அளவு திருப்பிக் கொடுங்கள். மனிதருக்குச் சேர வேண்டிய உரிமை தவ்பாவால் மட்டும் நீங்குவதில்லை.

3. பணம் அனுப்பிய ரசீது, குறுஞ்செய்தி, குழுவின் பெயர் எதையும் அழிக்காதீர்கள். படம் எடுத்து வையுங்கள்.

4. இணைய மோசடி என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. நிறுவனத்தில் கட்டிய பணம் என்றால் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள்.

5. வீட்டில் மறைக்காதீர்கள். மறைப்பதற்காக வட்டிக்கு வாங்கும் கடன்தான் ஐயாயிரத்தை ஐம்பதாயிரம் ஆக்குகிறது. அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பம் எழுதவும் புகார் கொடுக்கவும் உடன் வருகிறோம். பெயர் வெளியே போகாது.

வேறு வழி என்ன?

கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாடம் முழுமையாகாது. நம் பிள்ளைகளுக்கு மொபைலில் பேசவும், படம் எடுக்கவும், விற்கவும் தெரிந்திருக்கிறது. அந்தத் திறமை வீணாக வேண்டியதில்லை. பத்தமடையில் பாய் நெய்யும் ஒரு சகோதரிக்குக் கோரையின் தரம் தெரியும், வெளியூர் வாடிக்கையாளரைத் தெரியாது. கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளை அந்தப் பாயைப் படம் எடுத்து, அளவையும் விலையையும் சரியாக எழுதி, வாங்குபவரைத் தேடித் தந்து, விற்ற பாய்க்கு இவ்வளவு என்று பேசி வாங்கினால் அதுவும் பரிந்துரை வருமானம்தான். அதில் பாய் கைமாறுகிறது. வாங்கியவர் பாயில் படுக்கிறார். நெய்தவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. கூலி வாங்கியவர் யாருக்கும் பயந்து நடக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்: "இதை வாங்கினால் எனக்குத் தரகு உண்டு." விளம்பரம் செய்பவர் தமக்கு வரும் ஆதாயத்தை வெளியே சொல்ல வேண்டும் என்பதை இன்று அரசின் நுகர்வோர் விதிமுறைகளும் கட்டாயமாக்கியிருக்கின்றன.

குடும்பத்தோடு பேச

இந்த வாரம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து இருக்கும்போது இவற்றைப் பேசிப் பாருங்கள்.

ஒன்று: நம் மொபைல்களில் ஆள் சேர்த்தால் காசு என்று சொல்லும் செயலி ஏதேனும் இருக்கிறதா? அதில் சேரக் காசு கேட்டார்களா?

இரண்டு: புதிதாக யாருமே சேராவிட்டாலும் அந்த நிறுவனம் நமக்குக் காசு தர முடியுமா? முடியும் என்றால், எதை விற்று?

மூன்று: நாம் பரிந்துரைக்கும் பொருளை, கமிஷன் இல்லாவிட்டாலும் நம் சொந்தத் தங்கைக்குப் பரிந்துரைப்போமா?

மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்று சொல்ல முடியாவிட்டால், அந்த லிங்க்கை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான, பரக்கத் நிறைந்த ரிஸ்கைத் தருவானாக. நம் உறவுகளைக் காசுக்கு விற்காமல் காப்பாற்றுவானாக. ஆமீன். வல்லாஹு அஃலம்.